பத்துக்குப் பத்தும் ‘இரண்டு’

கோயம்புத்தூர்
25 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

ஜமுனா எழுதுவது. நான் சுகம். நீ, மாமா, ஹேமந்த் குட்டி எல்லோரும் சுகம்தானே? ஃபோன் பண்ணினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்பதைத் தாண்டி எதுவும் பேச முடியவில்லை. அதனால்தான் அனிதா டீச்சரின் அங்கன்வாடி விலாசத்துக்கு எழுதுகிறேன். அவர் உன்னிடம் கொடுத்துவிடுவார்.

எனக்கு இங்கே இருப்பே கொள்ளவில்லை அக்கா. உளவியல் என்றால் மனுஷரைப் பற்றிய படிப்பு என்று ஆசையாகச் சேர்ந்தேன். ஆறு மாசமாக எலியைப் பற்றியும் நாயைப் பற்றியும் படிக்கிறேன். மனுஷர் வந்தாலும் நமக்குத் தெரிந்த மனுஷராக யாரும் வருவதில்லை. வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் தொடு உணர்ச்சி பற்றிய பாடம். கண்ணைக் கட்டி, விரல் நுனியில் டிவைடரின் இரண்டு முனையையும் ஒட்டினாற்போல் வைத்தால் சிலருக்கு ஒன்று மாதிரித்தான் தெரியுமாம். யாருக்கு எவ்வளவு நெருக்கத்தில் இரண்டு இரண்டாகவே தெரிகிறது என்று அளப்பார்களாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து, “எங்க அக்கா ஏரிச் சேத்துல கைய வுட்டா எறாலா கல்லானு ஒடனே சொல்லும் மேடம்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. லோகநாயகி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியானால் உங்கள் ஊரில் கையால் இறால் பிடிக்கிற ஐந்து பெண்களிடம் சோதனை செய்து கொண்டு வா, அதையே உன் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

என்னால் இப்போது ஊருக்கு வர முடியாது. நீதான் செய்ய வேண்டும். தாள் ஐந்து அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு விரலிலும் பத்து முறை. சில முறை ஒரு முனை, சில முறை இரண்டு முனை, வரிசையைத் தாளிலேயே எழுதியிருக்கிறேன். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். நீயும் ஒருத்தியாக இரு. உனக்கு அனிதா டீச்சர் வைத்துப் பார்க்கட்டும்.

உன்னை நம்பி வாயை விட்டிருக்கிறேன். என் மானம் உன் கையில்.

அன்புத் தங்கை,
ஜமுனா


தோணிரேவு
4 பிப்ரவரி 2026

அன்புத் தங்கச்சி ஜமுனாவுக்கு அக்கா எழுதும் மடல்.

உன் கடிதமும் தாளும் கிடைத்தன. நாங்கள் எல்லோரும் நலம். போன வாரம் கோட்டைக்குப்பம் போய் அம்மாவையும் நைனாவையும் பார்த்து வந்தேன். நைனாவுக்கு இருமல் நின்றுவிட்டது. நீ பரீட்சைக்கு ராத்திரியெல்லாம் விழிக்கிறாய் என்று அம்மாவுக்குக் கவலை. ஒரு வார்த்தை அவர்களுக்கும் எழுது. அக்கா மட்டும்தான் உனக்கு உறவா?

நீ கேட்டதைச் செய்து முடித்துவிட்டோம். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எங்களோடு தண்ணீரில் இறங்குகிற காசியம்மாள் அத்தைக்குக் கண்ணைக் கட்டியதும், “இன்னாடி, எனக்குக் கண்ணாமூச்சி ஆடற வயசா” என்றார். பிறகு உனக்கு மார்க் போடுகிற விஷயம் என்று தெரிந்ததும் ரொம்பப் பொறுப்பாக ஆகிவிட்டார். வலையிலிருந்து நண்டு எடுக்கும்போதுகூட அவ்வளவு கவனம் இல்லை. கடைசியில் ஐந்து பேருக்கும் பத்துக்குப் பத்து. எங்களைப் படிக்காதவர்கள் என்று உன் வகுப்பில் இனி யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

நேற்று ஒரு கூத்து. பிடித்த இறாலைப் போடுகிற பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு முட்டியளவு சேற்றில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தேன். கரையேறியதும் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னவென்று பார்த்தால் வலது கைச் சுண்டுவிரலில் ஒரு நண்டு கவ்வித் தொங்குகிறது. எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை தூரம் அதற்கு ஓசிச் சவாரி.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா,
கோமளா


கோயம்புத்தூர்
10 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. என் மானம் போய்விட்டது.

மேடம் தாள்களைப் பார்த்துவிட்டு, “உங்க ஊர்ல ஒருத்தருக்கு ஒரு தடவைகூடத் தப்பு வராதா ஜமுனா?” என்றார். நான் அனிதா டீச்சருக்கு ஃபோன் போட்டேன். அவர் நல்லவர், பொய் சொல்லத் தெரியவில்லை. காசியம்மாள் அத்தை துணியைத் தூக்கிப் பார்த்தாராம். மற்றவர்களுக்கு டீச்சரே ஒரு முனைக்கு ஒரு இருமல், இரண்டு முனைக்கு இரண்டு இருமல் இருமினாராம். உனக்கும்தான்.

அக்கா, இது பரீட்சை இல்லை. தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. என்ன தெரிகிறதோ அதுதான் பதில். ஒன்று தெரிந்தால் ஒன்று. எதுவுமே தெரியாவிட்டால் ‘தெரியலை’ என்று சொல்லலாம். நீங்கள் எனக்கு மார்க் வாங்கித் தர நினைத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. மேடத்திடமும் அதைச் சொன்னேன். வெளியூரில் படிக்கிற பெண்ணின் மார்க்குக்காக ஒரு டீச்சர் உட்கார்ந்து இருமியதை அவர் வேறு எங்கே பார்த்திருப்பார்.

புதிதாக ஐந்து தாள் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றிவிட்டேன். இந்த முறை இருமல் வேண்டாம்.

அன்புத் தங்கை,
ஜமுனா


தோணிரேவு
20 பிப்ரவரி 2026

ஜமுனாவுக்கு,

தாள்கள் இத்துடன் உள்ளன. யாரும் இருமவில்லை. துணியையும் யாரும் தூக்கவில்லை.

எனக்கு நேரமே இல்லை. ஏரியில் இறால் குறைவு, சேறு சரியில்லை. ஹேமந்துக்குச் சளி. இனிமேல் இந்த விளையாட்டெல்லாம் எங்களுக்கு வேண்டாம். நீ புத்தகத்தைப் படித்துப் பாஸ் பண்ணு.

கோமளா


கோயம்புத்தூர்
25 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இப்படிச் சுருக்கமாக எப்போதும் வந்ததில்லை.

தாள்களைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு பேருக்கும் மனுஷருக்கு வருகிற மாதிரி வந்திருக்கிறது. சிலது சரி, சிலது தப்பு. என் வகுப்புப் பிள்ளைகளைவிட நம்மூர்ப் பெண்களுக்கு விரல் நுட்பம் அதிகம்தான். மேடம்கூட வியந்தார்.

ஐந்தாவது தாளில் இடது கை அப்படித்தான் இருக்கிறது. வலது கைச் சுண்டுவிரலில் பத்துக்குப் பத்தும் ‘இரண்டு’. ஒரே ஒரு முனை வைத்த ஐந்து முறையும் ‘இரண்டு’. மோதிர விரலில் பாதிக்கு மேல் அப்படி. ஒரு முனையை யாராலும் ஐந்து முறையும் இரண்டாக உணர முடியாது. அந்தப் பெண்ணுக்கு அங்கே உணர்ச்சியே இல்லை, தெரிந்த மாதிரிச் சொல்லியிருக்கிறாள்.

பெயர் எழுதக் கூடாது என்று சொன்னவள் நான்தான். கேட்கவும் கூடாது. ஆனால் நண்டு தொங்கியது எந்த விரலில் என்று எனக்கு நினைவிருக்கிறது.

அக்கா, எத்தனை நாளாக?

மேடத்திடம் யாரென்று சொல்லாமல் கேட்டேன். நரம்பு அழுந்தியிருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், முதல் வருஷப் பிள்ளை நீ நோய்க்குப் பெயர் வைக்காதே, டாக்டரிடம் போகச் சொல் என்றார். அந்தத் தாளை நான் ரெக்கார்டில் சேர்க்கவில்லை. இந்த முறை நான்கு பேர்தான் கிடைத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் உட்கார முடியவில்லை. கரும்பலகையில் என்ன எழுதினாலும் உன் கைதான் தெரிகிறது. பதில் போடு.

ஜமுனா


தோணிரேவு
9 மார்ச் 2026

ஜமுனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ படிக்கப் போனாயா, என்னை வேவு பார்க்கப் போனாயா என்று முதலில் எரிச்சல் வந்தது. பத்தாவதில் உன்னைவிட நான்தான் அதிக மார்க். என்னை ஒரு தாளில் பிடித்துவிட்டாயே என்றும் வந்தது.

ஒன்பது மாசமாகிறது. வலது முழங்கையிலிருந்து கொஞ்சம் கீழே காசு அளவுக்கு ஒரு தேமல். வெயிலில் வந்தது என்று நினைத்தேன். பிறகு சுண்டுவிரல் மரத்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டால் தோல் கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரிகிறது. ஹேமந்துக்கு ஊசி போடப் போனபோது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் என்று போட்டு, கீழே ஒரு பெயர். அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

சேறு சரியில்லை என்று எழுதினேனே, சேறு நன்றாகத்தான் இருக்கிறது. என் கைதான் சரியில்லை. இடது கையால் தடவிப் பிடிக்கிறேன், பாதி பறிகூட நிறைவதில்லை. அனிதா டீச்சர் விரலில் முனையை வைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘தெரியலை’ என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு என்று சொன்னால் கெட்டிக்காரி என்பார்கள். அதனால் சொன்னேன்.

தெரிந்தால் என்னோடு யார் தண்ணீரில் இறங்குவார்கள்? நாங்கள் ஏழு பேரும் தோளோடு தோள் ஒட்டித் தவழ்ந்து போகிறவர்கள். என் மாமியார் அன்றைக்கே என்னைக் கோட்டைக்குப்பத்துக்கு அனுப்பிவிடுவார், பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. ஹேமந்துக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டேன். பெரியவனாகிவிட்டான், தானே சாப்பிடட்டும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். மூன்று வயசுப் பிள்ளை. தை பிறந்ததிலிருந்து அவனை மாமியார் பக்கத்தில் படுக்க வைக்கிறேன். விடிந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறான். நான் வேலையிருக்கிற மாதிரித் தள்ளிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

கோமளா


கோயம்புத்தூர்
14 மார்ச் 2026

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் குளியலறையில் வைத்துப் படித்தேன். வெளியே கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று அழுதேன்.

அந்தப் பெயரை நான் எழுதுகிறேன். தொழுநோய். அதுவாகவே இருந்தாலும் மாத்திரைதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிறார்கள், தின்றால் தீர்ந்துவிடும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் அடுத்தவருக்குத் தொற்றாது. இதையெல்லாம் நான் எங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை, மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு சீனியரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் சொன்ன இன்னொன்று, நாள் கடத்தினால் விரல் மடங்கிப் போகும், பிறகு நிமிராது. ஒன்பது மாசம் போய்விட்டது அக்கா.

நீ பயப்படுவது நோய்க்கு இல்லை, ஊருக்கு. அது எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. இந்த மாசக் கடைசிக்குள் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போ. போகாவிட்டால் மாமாவிடம் நானே சொல்வேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை.

ஜமுனா


கோயம்புத்தூர்
2 ஏப்ரல் 2026

அக்கா,

மாசம் முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அனிதா டீச்சர் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். நேற்று மாமாவின் நம்பரை நான்கு முறை எடுத்தேன். நான்கு முறையும் அழுத்தாமல் வைத்துவிட்டேன். மிரட்டியது நான், பயந்து நடுங்குவதும் நானாக இருக்கிறது. தூக்கம் இல்லை. மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே எழுந்து வந்துவிடுகிறேன்.

திட்டியாவது எழுது.

ஜமுனா


தோணிரேவு
6 ஏப்ரல் 2026

ஜமுனாவுக்கு,

போய் வந்துவிட்டேன். நீ மிரட்டியதால்தான் போனேன். அதற்காக உன்னை நான் மெச்சவில்லை.

இங்கே பக்கத்தில் எங்கே போனாலும் நம் சனம் யாராவது வரிசையில் நிற்கும். அதனால் மார்ச் 26 அன்று, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி போய் ரயிலேறினேன். ஆந்திராவுக்குள், சூலூர்பேட்டையில் இறங்கினேன். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு டாக்டரம்மா முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் நரம்பை உருட்டிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எங்கே என்று கேட்டார். இந்த முறை தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அதேதான். நீ எழுதிய பெயர்தான். ஆறு மாசம் மாத்திரை. சுண்டுவிரலில் உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாதாம். மற்ற விரல்களைக் காப்பாற்றிவிடலாமாம்.

பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குமா தூக்காம இருந்த?” என்றார். அவனையும் ஒரு நாள் கூட்டி வந்து காட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஹேமந்தை வாரி எடுத்துக்கொண்டேன். ராத்திரிச் சோறு முழுக்க மடியில் வைத்து ஊட்டினேன். பெரியவனாகிவிட்டான் என்றாயே என்று மாமியார் கேட்டார். இன்றைக்கு ஆகவில்லை என்றேன்.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள். சீட்டு எழுதுகிற இடத்தில் பெயர் கேட்டார்கள். என் பெயர் வாயில் வரவில்லை. ஜமுனா என்று சொல்லிவிட்டேன். ஊரும் கோட்டைக்குப்பம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. கல்யாணமாகாத பெண், படிக்கிற பெண், உன் தலையில் கொண்டு போய் இந்த நோயை எழுதிவிட்டேன். வேறு ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். எனக்கு உன் பெயர்தான் வந்தது.

உன் காலில் விழ வேண்டியவள்,
கோமளா


கோயம்புத்தூர்
12 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போய் வந்ததைப் படித்ததும் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் கோபம் வந்தது. உன்னிடம் மறைக்க மாட்டேன். நாளைக்கு யாராவது அந்தச் சீட்டைப் பார்த்தால் என் கதி என்ன, என்னை யார் பெண் கேட்டு வருவார்கள், வேலையில் யார் சேர்ப்பார்கள் என்றெல்லாம் ஓடியது. மாத்திரைதான், தீர்ந்துவிடும் என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் பெயர் என்றதும் எனக்கே பயம் வந்துவிட்டது. இரண்டு நாள் உன் மேல் கோபத்தோடு இருந்தேன். பிறகு என் மேல் வந்த வெட்கத்தில் அது போய்விட்டது. ஊருக்குப் பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அக்கா, அந்தச் சீட்டு என் பெயரிலேயே இருக்கட்டும். நிஜமாகச் சொல்கிறேன். நீ பத்தாவதோடு நின்று தண்ணீரில் இறங்கியதால்தான் நான் காலேஜ் வரை வந்தேன். அதை நீ ஒரு நாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு பெயர்தானே, ஆறு மாசம் வைத்துக்கொள். மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடாதே.

மாமாவிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது உன் விஷயம். மிரட்டியது தப்பு.

உன்,
ஜமுனா


தோணிரேவு
27 ஏப்ரல் 2026

அன்புத் தங்கச்சி ஜமுனாவுக்கு,

உன் கடிதங்களை உன் மாமாவிடம் கொடுத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, இந்தா படி என்று நீட்டிவிட்டேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தார். “எத்தினி மாசமா?” என்றார். சொன்னேன். “என்னாண்ட சொல்லத் தோணலையா கோமளா ஒனக்கு?” என்றார். மறுபடி வலையை உதறப் போய்விட்டார். அன்று சாப்பிடவும் இல்லை. நோய்க்காக இல்லை, மறைத்ததற்காக. இன்னும் கொஞ்சம் முகம் திருப்பித்தான் இருக்கிறார்.

மாமியாரிடம் அவரேதான் சொன்னார். நான் பயந்த மாதிரி அனுப்பிவிடவில்லை. எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். வலிக்கத்தான் செய்கிறது. பொறுத்துக்கொள்கிறேன். காசியம்மாள் அத்தைக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. கை ஆறும் வரை நீ தண்ணீரில் இறங்காதே என்றார். என் நல்லதுக்குச் சொன்னாரா, தள்ளி வைக்கச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது மாச மாத்திரை வாங்க உன் மாமாவோடு வண்டியில் சூலூர்பேட்டைக்குப் போனேன். ஹேமந்தையும் கூட்டிப்போய்க் காட்டினோம். அவனுக்கு ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் “ஜமுனா, ஜமுனா” என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் திரும்பி உன்னைத் தேடினேன். நிஜமாகவே, நீ எங்கேயோ வந்து நிற்கிறாய் என்று கூட்டத்தில் தேடினேன். நீ அந்த வரிசையில் நிற்கிற மாதிரி ஒரு கணம் தெரிந்தது. நீ மனசார விட்டுக்கொடுத்தாய். எனக்கு அதை வாங்கிக்கொள்ள முடியவில்லையடி.

ஜன்னலண்டை போய்ப் பெயர் தப்பு, மாற்ற வேண்டும் என்றேன். அந்த ஆள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “மரி, ஜமுனா எவரு?” என்று தெலுங்கில் கேட்டார், அப்போ ஜமுனா யார் என்று.

“எங்க தங்கச்சிங்க. காலேஜ்ல படிக்குது. அதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே ஆதார் கேட்டார், கொடுத்தேன். பழைய சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுச் சீட்டில் கோமளா, கணவர் ரஞ்சித், வயது 28, தோணிரேவு என்று எழுதிக் கொடுத்தார். அதை வீட்டில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோமளா